மாதாவின் கையில் குறைச்சுருட்டு

ஓய்வூதிய அட்டைக்குப் புதிதாக ஒரு படம் வேண்டும் என்றார்கள். போன மாதம் மானிப்பாய்ச் சந்தியில் இருக்கும் படக்கடைக்குப் போனேன். முன்பெல்லாம் இப்படியான கடைக்குள் காலை வைத்ததும் படம் கழுவும் மருந்தின் புளித்த மணம் மூக்கில் ஏறும். இப்போது அங்கே குளிர்தான் இருக்கிறது, மணம் இல்லை. கடையில் நின்ற பிள்ளை என்னைக் கதிரையில் இருத்தி, நாடியை எப்பன் உயர்த்தச் சொல்லி, ஒரே தடவையில் படத்தை எடுத்து முடித்தாள். பிறகு திரையில் என் இரண்டு தோள்களையும் வெட்டினாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இடப் பக்கம் கூட வெட்டிப்போட்டாய் பிள்ளை" என்றேன்.

அவள் படத்தின் ஓரத்தைப் பிடித்து வெளியே இழுத்தாள். போன தோள் திரும்பி வந்தது.

"அட, வெட்டினது போகேல்லையோ?"

"இல்லை சேர். வெட்டினது உள்ளுக்கைதான் கிடக்கும். நாங்கள் காட்டாமல் விடுறம், அவ்வளவுதான்."

அவள் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். எனக்குப் பழையது ஒன்று ஞாபகம் வந்தது. வெளியே வந்து, சைக்கிள் பூட்டைத் திறக்கத் தெரியாதவன் மாதிரி நின்றேன். இதே கேள்வியை ஒரு மனிதர் பல வருடங்களுக்கு முன் என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு என்னிடம் கேட்டார். நான் வேறு பதில் சொன்னேன்.

அதைச் சொல்வதற்கு முன் என்னுடைய வெட்டுகிற விசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விஞ்ஞான ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு இருட்டறை இருந்தது. படம் கழுவப் பழகியது அங்கேதான். கழுவியதை விட வெட்டப் பழகியதுதான் கூட. 'ட' எழுத்து மாதிரி வெட்டிய இரண்டு அட்டைகள் வைத்திருந்தேன். ஒன்றை நேரேயும் மற்றதைத் தலைகீழாகவும் படத்தின்மேல் வைத்தால் ஒரு சட்டம் வரும். நகர்த்த நகர்த்தச் சட்டம் சுருங்கும், விரியும். மின்கம்பம் போகும், நாய் போகும், கொட்டாவி விடுகிற பிரமுகர் போவார். வேண்டாதவர்களை உலகத்திலிருந்து விலக்குவதில் ஒரு சுகம் இருக்கிறது, நீங்களும் செய்து பார்த்தால் தெரியும். ஒருமுறை ஆசிரியர் குழுப் படத்தில் ஓரத்தில் நின்ற சங்கீத மாஸ்டரின் அரைவாசி முகத்தை வெட்டிவிட்டேன். அவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மற்றக் காதையும் விட்டிருக்கலாம் தம்பி, சங்கீதத்துக்கு ரெண்டும் வேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதாவது படித்திருக்கலாம்.

கலியாண வீட்டுப் பந்தியில்கூட விரல்களால் சட்டம் பிடித்துப் பார்ப்பேன். "இந்த மனுசன் ஒரு நாளைக்கு என்னையும் ஓரத்திலை நிக்கிறன் எண்டு வெட்டிவிடும்" என்று மனைவி சொல்லுவாள்.

போர் முடிந்து சில வருடங்களின் பின், நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த நேரம், கனடாவிலிருந்து மகன் ஒரு டிஜிட்டல் கமரா அனுப்பினான். கழுவ வேண்டியதில்லை, எத்தனையும் எடுக்கலாம். குருநகரில் அந்த வருடம் கத்தோலிக்கக் கோயில் பங்கின் கலைவிழாவைத் தவக்காலத்தின் கடைசிக் கிழமையில் வைத்தார்கள். யேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகம்தான் கடைசி நாள் நிகழ்ச்சி. விழா மலருக்குப் படம் எடுக்கச் சொல்லிப் பங்குக் குருவானவர் என்னைக் கேட்டார். நான் சைவக்காரன், வேதக்காரரின் விழா எனக்குப் புதிது. "ஆக்களை வரிசையா நிப்பாட்டி எடுக்கிறது வேண்டாம் சேர். அவையள் பாக்காத நேரம் எடுங்கோ. அப்பதான் உண்மையான முகம் வரும்" என்றார் அவர். அந்தச் சொல் எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

நாடகத்தில் பெண் வேடங்களையும் ஆண்கள்தான் கட்டினார்கள். மாதாவாக நடித்தவர் பஸ்தியான். கடல்தொழில் செய்கிறவர், ஆனால் எலும்பு தெரியாத மெல்லிய முகம். மீசையை வழித்து முகப்பூச்சுப் போட்டால் பெண் என்று நினைத்து நீங்கள் எழுந்து இடம் விடுவீர்கள். மாதா வேடம் கட்டுகிறவர் தவக்காலம் முழுக்க இறைச்சி, கள்ளு, சுருட்டு ஒன்றையும் தொடக்கூடாது என்பது அந்தப் பங்கில் இருந்த கட்டு. பஸ்தியானுக்கு முதல் இரண்டும் பெரிய பாடில்லை. சுருட்டுத்தான் பெரும்பாடு. அவருக்கு வரிகள் மறந்துபோகும். அதனால் அவர் பக்கத்தில் எப்போதும் ஒரு பெடியன் வரிகள் எழுதிய கொப்பியோடு நிற்பான். அவன்தான் றெஜி. வெள்ளைப் பல், வாய் நிறையப் பகிடி. பருத்தித்துறைப் பக்கம் கலியாணம் பேசி முடிந்திருந்தது. பெண்ணின் பெயர் ஜெசிந்தா. அவளைப் பற்றிக் கேட்டால் மட்டும் றெஜிக்குப் பகிடி வராது, நிலத்தைப் பார்ப்பான்.

நாடகம் தொடங்க முன், வெயில் சாய்ந்த நேரம், மண்டபத்தின் பின்பக்கம் போனேன். கவிழ்த்துப் போட்ட தோணியில் பஸ்தியான் வேடத்தோடு இருந்தார். தலையில் வெள்ளை முக்காடு. றெஜி குனிந்து அவருடைய காதுக்குள் ஒப்பாரியின் வரியைச் சொல்லிக்கொண்டிருந்தான். கடற்கரை வெளிச்சம் இரண்டு முகத்திலும் பக்கவாட்டில் விழுந்தது. பஸ்தியானின் கண்கள் பாதி மூடி, லேசாகக் கலங்கி இருந்தன. நான் கமராவை அமத்திவிட்டேன்.

பிறகுதான் மணம் வந்தது. கண் கலங்கியது பக்தியால் இல்லை, புகையால். முழங்காலுக்குப் பக்கத்தில், ஒருவரும் காணாதபடி, மாதாவின் கையில் ஒரு குறைச்சுருட்டு.

"ஐயோ சேர், உதை எடுத்திட்டியளே?"

றெஜி கொப்பியால் தன் வாயைப் பொத்தினான். "மாதாவே, எங்களுக்காகவும் ஒரு இழுவை இழுத்துக்கொள்ளும்."

"மூடடா வாயை. சேர், பாதர் கண்டால் எனக்கு இனி வேசம் இல்லை. சனம் சிரிக்கும் சேர்."

"பயப்பிடாதையுங்கோ பஸ்தி. சுருட்டு வெளியிலை வராது. வெட்டிவிடுறன்."

வீட்டில் கணினிக்கு முன்னால் இருந்து வெட்டினேன். சுருட்டுப் பிடித்த கை படத்தின் அடிப்பக்கத்தில் இருந்தது. றெஜியின் கொப்பி பிடித்த கையும் அதற்கு நேரே இருந்தது. ஒரே வெட்டில் இரண்டும் போயின. தோணி போயிற்று, நீல அங்கி போயிற்று. எஞ்சியவை இரண்டு முகங்களும் ஒரு வெள்ளை முக்காடும் மட்டும். மலரின் உள் பக்கங்கள் கறுப்பு வெள்ளை. படத்தின் கீழ் 'ஒரு செபம்' என்று போட்டேன். நடித்தவரின் பெயரைப் போட்டால் அழகு கெடும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் நான் எடுத்த மிக நல்ல படம் அதுதான்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து மலர் வெளியானது. அந்தப் பக்கத்தைப் புரட்டியவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒருவரும் கேட்காத கேள்விக்கு நான் பதில் சொன்னேன். "படம் எடுக்கிறவன் சேர்க்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கண்டதைக் கண்டபடி தந்திருக்கிறேன்" என்றேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் பஸ்தியான் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சில நாட்களில் ஒரு காலை, என் வீட்டுப் படலையடியில் முன்பின் தெரியாத ஒருவர் நின்றார். மடித்த வேட்டி, வெயிலில் கறுத்த முகம், பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதி. ஜெசிந்தாவின் தகப்பன் மனுவேற்பிள்ளை. பருத்தித்துறையிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். பொதியைப் பிரித்தார். எங்கள் மலர்.

"மாஸ்டர், இவள் ஆர்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் அந்த வெள்ளை முக்காட்டில் விரலை வைத்தார்.

"எங்கடை பெட்டையள் பூசைக்குப் போகேக்கை போடுறது உது. ஆற்றை பிள்ளை இவள்?"

அந்த முக்காட்டைப் பார்க்கிற ஒரு வேதக்காரருக்கு அது கோயிலுக்குப் போகிற பெண்ணாகத் தெரியும் என்று அதுவரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை.

"ஐயையோ, அது பொம்பிளை இல்லை. பாஸ்குவிலை மாதா வேசம் கட்டின பஸ்தியான்."

"உதைத்தான் றெஜியும் சொன்னவன். பாதரும் ஆம்பிளை எண்டுதான் சொல்லுறார். அவையின்ரை ஊரிலை பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் அவனுக்காகத்தான் கதைப்பினம்." அவர் மலரை என் பக்கம் திருப்பினார். "நீங்கள் வேதக்காரர் இல்லை. அவையின்ரை பக்கமும் இல்லை, எங்கடை பக்கமும் இல்லை. படிப்பிச்ச மனுசன். படத்தை முழுசாக் காட்டுங்கோ, பாத்திட்டுப் போறன். ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. வாற ஞாயிறு மூண்டாவது."

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கட்டும் என்று. மூன்றாவதும் வாசித்துவிட்டால் பிறகு பேச்சில்லை. இதையும் அவர்தான் எனக்குச் சொன்னார், பொறுமையாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல.

"முழுசா எண்டால்..."

"இவன்ரை தோள் போற போக்கைப் பாருங்கோ. கை கீழை எங்கையோ கிடக்கு. என்ரை பிள்ளையைப் பிடிச்சுக் குடுக்கப்போற கை அது மாஸ்டர். அது எங்கை கிடக்கெண்டு எனக்குத் தெரியவேணும்."

கை கொப்பியில் கிடந்தது. அறையின் மூலையில், மனைவி பூவேலை செய்த துணியால் மூடி வைத்திருந்த கணினிக்குள் அந்தக் கொப்பி கிடந்தது. துணியை எடுத்துவிட்டால் முடிந்தது. அவரும் அந்தப் பக்கம் பார்த்தார்.

"மேடையிலை ஒண்டும் வெட்டேல்லை எண்டு நீங்கள் சொன்னதாக் கேள்விப்பட்டன்" என்றார்.

"கொஞ்சம்... ஓரம் மட்டும் வெட்டினது."

"அப்ப வெட்டினது எங்கை? அதுக்குள்ளை கிடக்குமே?"

"இல்லை. வெட்டினால் போனதுதான். அழிஞ்சு போச்சு."

அவர் என் முகத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு மலரைப் பத்திரிகைத் தாளில் சுற்றினார், அவசரப்படாமல், மூலைகளை மடித்து. "படிச்ச ஆக்கள் ஒண்டைச் சொல்லுறதெண்டால் முழுசாச் சொல்லவேணும்" என்றார். படலை சாத்திய சத்தம் எனக்கு இன்றும் கேட்கும்.

பஸ்தியானுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று அன்று பகல் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாக்கைக் காப்பாற்ற வேறு வழி இருந்தது. என்னுடைய அந்த 'ட' அட்டைகளில் ஒன்றைத் திரையில் வைத்துச் சுருட்டை மறைத்துக்கொண்டு, கொப்பியை மட்டும் காட்டியிருக்கலாம். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை, அந்த ஒரு நாள் செய்யவில்லை. கைதட்டு வாங்கிய படம் வெட்டிய படம் என்றும், மேடையில் நின்று சொன்னது பொய் என்றும் தெரியவரும் என்பதுதான் காரணம். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

திங்கட்கிழமை குருநகரிலிருந்து வருகிற மீன்காரர் என் மனைவியிடம் சொன்னார், றெஜியின் மூன்றாவது ஓலை வாசிக்கவில்லையாம். பெண் வீட்டார் நிற்பாட்டிவிட்டார்களாம். அவள் மீனை வெட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். நான் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அந்தக் கிழமையே பஸ்தியான் வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. மீசை இல்லை. கடல் வெயிலில் முகம் மண்சட்டி போல இருந்தது.

"பருத்தித்துறைக்குப் போட்டு வாறன் சேர்" என்றார். பைக்குள்ளிருந்து முக்காடு எட்டிப் பார்த்தது.

"என்னத்துக்கு?"

"பின்னை என்ன செய்ய? மீசையை வழிச்சுப்போட்டு அவையின்ரை விறாந்தையிலை நிண்டு முக்காட்டைப் போட்டன். பவுடர் ஒட்டேல்லை, முகமெல்லாம் உரிஞ்சு கிடக்கு. ஒப்பாரியைப் பாடிக் காட்டினன். வரி மறக்கேல்லை சேர், அண்டைக்குத்தான் ஒரு வரியும் மறக்கேல்லை. தாய்க்காரி அழுதிட்டா. உள்ளுக்கை அந்தப் பிள்ளையும் அழுதது கேட்டது. தகப்பன் வந்து, என்ரை வீட்டுக்கை நிண்டு மாதாவைப் பகிடி பண்ணுறியோ எண்டு கழுத்திலை கை வைச்சிட்டார்."

அவர் கதிரையின் நுனியில் இருந்து மூலையில் மூடியிருந்த கணினியைப் பார்த்தார்.

"சேர், அது முழுசாக் கிடந்தால் தாங்கோவன். சுருட்டுத் தெரிஞ்சால் தெரியட்டும். நாலு நாள் சிரிப்பினம். பாதர் வேசத்தை வேறை ஆருக்கும் குடுப்பார், குடுக்கட்டன். பெடியன் சாப்பிடுறானில்லை."

கொடுத்த வாக்கு என்று நான் வைத்திருந்த ஒரே சாட்டையும் அவர் இப்படிக் கையை நீட்டி எடுத்துவிட்டார். இனி மறைக்க என் மானம் மட்டும்தான் மிச்சம்.

"அழிஞ்சு போச்செண்டு சொன்னனே பஸ்தி."

அவர் தலையாட்டினார். நம்பினார். நம்பினதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கமுடியாதது. "உங்களிலை என்ன பிழை சேர், எனக்காகத்தானே வெட்டினீங்கள்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

ஜெசிந்தாவை மன்னார்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். றெஜி படகில் தன் பங்கை விற்றுவிட்டுப் பிரான்சுக்குப் போனான். இருவரும் இப்போது நன்றாக இருக்கிறார்களாம். அது அவர்களுடைய கெட்டித்தனம். அதை என் கணக்கில் போட நான் வரவில்லை. அடுத்த தவக்காலத்தில் பஸ்தியான் பங்குக் கூட்டத்தில் தானாகவே எழும்பி, வேடத்தோடு சுருட்டுப் பிடித்ததைச் சொல்லி முக்காட்டைத் திருப்பிக் கொடுத்தாராம். சனம் சிரித்ததாம். அவர் பயந்ததும் நான் சாட்டாக வைத்திருந்ததும் அந்தச் சிரிப்பைத்தான். அது அன்றைக்கே அடங்கிவிட்டதாம்.

இப்போது குருநகரில் அந்த மண்டபம் இல்லை, வேறு பெரிய கட்டடம் நிற்கிறது. பாஸ்கு இன்னமும் நடக்கிறது. மாதாவாகப் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் நடிக்கிறார்கள், வரிகள் முன்னமே பதிவு செய்து ஒலிபெருக்கியில் வருகின்றன, காதுக்குள் சொல்ல ஆள் தேவையில்லை. முக்காடு போட்ட ஒரு முகத்தைக் காட்டி இது ஆம்பிளை என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மனுவேற்பிள்ளை போய்விட்டார். போன வருடம் பஸ்தியானும் போய்விட்டார். செத்த வீட்டில் நான் பின்னால் நின்றேன். சுருட்டு மணம் எங்கிருந்தோ வந்தது, யாரோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பற்றவைத்திருக்க வேண்டும்.

போன கிழமை றெஜி என் வீட்டுக்கு வந்தான். விடுமுறையில் வந்திருக்கிறான். வயிறு வைத்திருக்கிறது, முன்மயிர் இல்லை, பல் மட்டும் அதே வெள்ளை. சொக்கிலேற் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு ஊர்க் கதை எல்லாம் கதைத்தான். எழும்புகிற நேரம் சொன்னான்:

"சேர், மாதா வேசத்தோடை சுருட்டுப் பிடிக்கிற பஸ்தியண்ணையை ஒருக்காப் பாத்துச் சிரிக்கவேணும் போல கிடக்கு. அந்த முழுப் படம் அழிஞ்சதுதான் கவலை."

"ஒருக்காத் தேடிப் பாக்கிறன்" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அவன் கையிலிருந்த தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது. "தேடுறதோ?" என்றான். பிறகு கோப்பையை மெதுவாக வைத்தான். "தேடுங்கோ சேர். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நிப்பன்."

பழைய கணினி பழுதானபோது படங்களை எல்லாம் சீடிகளில் பதிந்து மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்கு ஓடினேன். அதே பிள்ளை. சீடியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"சேர், உதைப் போட்டுப் பாக்கிற மிஷின் இப்ப எங்களிட்டை இல்லை. டவுனிலையும் இருக்குமோ தெரியேல்லை. என்ன படம் கிடக்கு?"

"ரெண்டு கை, பிள்ளை."

பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். யாழ்ப்பாண டவுனிலும் கடை கடையாகக் கேட்டேன். இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குருநகர் கோயில் வாசலில், பூசை முடிந்து சனம் கலைகிற நேரம், சீடியை றெஜியிடம் கொடுத்தேன். கொண்டுவந்த வார்த்தை எல்லாம் பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது.

"அழியேல்லை" என்றேன்.

அவன் சீடியைப் பார்த்தான். வெயிலில் அது மின்னி அவனுடைய கன்னத்தில் அடித்தது.

"அப்ப அண்டைக்கும் கிடந்ததோ?"

"கிடந்தது."

றெஜி சீடியைச் சட்டைப்பைக்குள் வைத்தான். அது முழுதாக அடங்கவில்லை, பாதி வெளியே தெரிந்தது. அதை உள்ளே தள்ளப் பார்க்காமல் அப்படியே கடற்கரைப் பக்கம் நடந்து போனான்.